ஒரு நல்ல வருடத்தின் விலை

மாடிப்படி திரும்புகிற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரி வைத்திருந்த தொட்டிச் செடியை மாஸ்டர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இலையைத் திருப்பிப் பார்த்தார். மண்ணை விரலால் கிளறினார். காய்கறிப் பையோடு இரண்டு படி கீழே நின்றிருந்த அவருடைய மனைவிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பை கனத்தது. அடுத்த வீட்டுச் செடிமேல் இந்த மனிதருக்கு என்ன திடீர் அக்கறை என்று வாய்வரை வந்துவிட்டது. "செடிக்கு..." என்று ஆரம்பித்தவர் அதோடு நின்று, ஒரு மூச்சை இழுத்து, இன்னொன்றையும் இழுத்து, "தண்ணி பத்தல" என்று முடித்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மனிதர் செடியைப் பார்க்கவே இல்லை. நேற்றுச் சுவரில் கிழிந்து தொங்கிய விளம்பரத்தை நின்று படித்ததும், போன வாரம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்ததும் இதே திருப்பத்தில்தான். அவள் பையைக் கீழே வைத்தாள். "ஆமா, பாவம், வாடித்தான் போச்சு" என்றாள். இருவரும் சேர்ந்து அந்தச் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். அது நன்றாகத்தான் இருந்தது.

நகர நீச்சல் குளத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர் அவர். ஒரு கரையில் முங்கினால் மறுகரையில்தான் தலை தெரியும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் முங்கு மாஸ்டர். பெற்றோர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகி, கடைசியில் சம்பளப் பட்டியலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் அதுவே அவர் பெயராகிப்போனது. அந்த நெஞ்சுதான் இப்போது உள்ளுக்குள் இறுகிக்கொண்டு வந்தது. காய்ந்த பஞ்சு மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது என்று நுரையீரல் டாக்டர் கையைக் குவித்துக் காட்டினார். குணப்படுத்த மருந்து கிடையாது. இறுகுகிற வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரை உண்டு. விலை ஆளை மலைக்க வைக்கும். அரசாங்கத்தின் சுகாதார நிதி எந்த மருந்துக்குப் பணம் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு மருந்து ஒரு மனிதருக்கு ஒரு நல்ல வருடத்தைக் கூட்டிக் கொடுக்க எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்பார்கள். வரம்புக்குள் வந்தால் கொடுப்பார்கள், தாண்டினால் கையை விரிப்பார்கள். இந்த மாத்திரை தாண்டிவிட்டது. அந்த வரம்பை முதன்முதலில் வகுத்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இன்று உயிரோடு இருந்தது, காய்கறிப் பையோடு படியில் நின்றிருந்த அவள் ஒருத்திதான்.

மேலே வீட்டில் மகளும் இன்னொருவரும் காத்திருந்தார்கள். வந்தவர் நுரையீரல் நோயாளிகள் சங்கத்தின் செயலாளர். அச்சகம் வைத்திருப்பவர், விரல் இடுக்குகளில் மை போகவே போகாது. அவருடைய மனைவி இதே வியாதியில் போய்விட்டாள். அதற்குப் பிறகு சங்கத்தை விட்டு விலகிவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் விலகவில்லை.

"அக்கா, வரம்பை ஏத்தலாமா வேண்டாமான்னு பொதுமக்கள்கிட்ட கருத்துக் கேக்கறாங்க. வர்ற வியாழக்கிழமை" என்றார் செயலாளர். "நாங்க அத்தனை பேரு போயி கத்துறதும் ஒண்ணு, நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்றதும் ஒண்ணு. கோடு போட்டவங்களே வந்து, இது பழைய கோடு, கொஞ்சம் தள்ளிப் போடுங்கன்னு சொன்னா, எவன் மறுத்துப் பேசுவான்?"

"அம்மா பேசுவாங்க" என்றாள் மகள், அம்மாவைக் கேட்காமலே.

"எல்லாருக்கும் டீ போடட்டுமா?" என்று எழுந்தார் மாஸ்டர்.

"நீங்க உக்காருங்க!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் உட்கார்ந்தார்.

டீ போட அவளே சமையலறைக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கும்வரை சும்மா நிற்க வேண்டியிருந்தது. அப்படி நிற்கும்போதெல்லாம் அண்மைக் காலமாக அந்த அறைதான் நினைவுக்கு வந்தது.

மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருந்தது அந்த அறை. மந்திரியின் அலுவலகத்தில் யாருக்கும் வேண்டாததாக ஒதுக்கிய இடம். காலையில் தொட்டி நிரம்பி வழிந்தால் ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் திரை போட்டுவிடும். அந்தத் திரை வழியாக வரும் வெளிச்சத்தில் எல்லோருடைய முகமும் ஆடிக்கொண்டே இருக்கும். வரம்பை வகுத்த மூவரில் பெரியவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியை நடத்திவிட்டு வந்தவர். காது கொஞ்சம் மந்தம், தனக்கு வேண்டாத பேச்சு வரும்போது இன்னும் கொஞ்சம் மந்தம். ஒல்லி டாக்டர் சட்டைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருப்பார், ஆனால் மேஜையைத் தட்டிப் பேசினால் டம்ளர் குதிக்கும். அவள் அப்போதுதான் புள்ளியியல் படித்து முடித்திருந்தாள். எந்த எண்ணையும் முழுசாக்க விடமாட்டாள் என்பதால் அவளுக்குத் தசமம் என்று பெயர் வைத்ததும் ஒல்லி டாக்டர்தான்.

"மூணரைன்னு சொல்லித் தொலையேம்மா. உயிரா போயிடும்?"

"மூணு புள்ளி நாலு ஏழு. உயிர்தான் சார் போகும்."

நாட்டின் ஜனத்தொகையால் பெருக்கிப் பார்த்தால் உண்மையிலேயே போகும்தான். டாக்டர் பெருக்கிப் பார்த்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு, மூணு புள்ளி நாலு ஏழு என்று எழுதினார்.

அந்த நாட்களில் அவளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது யாரிடம் சொன்னாலும் புரியாது. என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறவர்களிடம் எண் ஒன்றைக் கண்டுபிடித்தோம் என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். உயிருக்கு விலை வைத்தவளா நீ என்று ஒரு கல்யாண வீட்டில் சித்தி ஒருத்தி நேராகவே கேட்டாள். ஆனால் அது விலை வைக்கிற வேலையாக அப்போது தோன்றியதே இல்லை. அதற்கு முன் எப்படி இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். மந்திரியின் உறவினருக்கு என்ன வியாதியோ அந்த மருந்து அந்த வருடம் வாங்கப்படும். எந்தக் கம்பெனிக்காரன் நன்றாகச் சிரிக்கிறானோ அவனுடைய இயந்திரம் வந்து இறங்கும். எங்கோ ஒரு மாவட்டத்தில் பிரசவத்துக்கு வண்டி இருக்காது. அதைத்தான் அவர்கள் மூன்று பேரும் தண்ணீர் ஒழுகும் அறையில் உட்கார்ந்து மாற்றப் பார்த்தார்கள்.

முதல் வருடம் முழுக்க அவளும் டாக்டரும் வீடு வீடாகப் போனார்கள். கையில் அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வியாதி. இந்த வியாதியோடு பத்து வருடம் வாழ்கிறீர்களா, வியாதியே இல்லாமல் அதைவிடக் குறைவாக வாழ்கிறீர்களா, அப்படியானால் எத்தனை வருடத்தை விட்டுக்கொடுப்பீர்கள் என்பது கேள்வி. துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண், "யாருக்கு விட்டுக்குடுக்கணும்? என் மாமியாருக்குன்னா ஒரு நாள்கூடக் குடுக்க மாட்டேன்" என்றாள். இன்ஷூரன்ஸ் விற்க வந்தவர்கள் என்று நினைத்து ஒரு கிழவர் கதவைச் சாத்திவிட்டு, ஜன்னல் வழியாக எல்லாக் கேள்விகளுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கால் இல்லாத தையல்காரர் ஒருவர் கால் இல்லாத வாழ்க்கையின் அட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன குறை?" என்று கேட்டார்.

அப்படித்தான் ஒருநாள் நீச்சல் குளத்துக்குப் போனார்கள். சீட்டுக் கொடுக்கும் அறையில், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். மூச்சிரைப்பு நோயின் அட்டையை அவள் அவரிடம் நீட்டினாள். இத்தனை வருடம் கழித்து யோசித்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை; அன்று அது அட்டைக் கட்டின் மேலே இருந்தது, அவ்வளவுதான்.

அவர் படித்தார். ஈரக் கையால் அட்டை நனைந்துபோனது.

"இந்தப் பத்து வருஷத்துல பக்கத்துல யாரு இருப்பாங்க?"

"அது கேள்வியில இல்லைங்க."

"அப்ப கேள்வி சரியில்லைங்க. பக்கத்துல யாருன்னு தெரியாம, எத்தனை வருஷம் வேணும்னு எப்படிச் சொல்றது?"

அவள் 'பதில் இல்லை' என்று குறித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் ஒல்லி டாக்டர், "தசமம், அந்த ஆளு பதில் சொல்லிட்டாரு. உனக்குத்தான் எழுதத் தெரியல" என்றார். அடுத்த வாரம், விவரம் முழுமையாக இல்லை என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு அவள் மறுபடியும் குளத்துக்குப் போனாள். அதற்கு அடுத்த வாரமும் விவரம் முழுமையாகவில்லை.

கல்யாணம் ஆன பிறகு மாலையில் வேலை முடிந்ததும் மாஸ்டர் அவளை அழைத்துப் போக வருவார். மூன்று மாடியையும் இரண்டிரண்டு படியாகத் தாவி வருகிற சத்தம் கேட்கும்; பெரியவருக்கே கேட்கும். முதல்முறை வந்தபோது ஓரத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று பேரும் பதறி எழுந்தார்கள். அது வராதவர்களுக்கு என்று பெரியவர் போட்டுவைத்திருந்த நாற்காலி. ஒரு மருந்தைப் பற்றிப் பேசும்போது அந்த மருந்து வேண்டும் என்பவர்கள் வருவார்கள், செய்கிற கம்பெனி வரும், எழுதிக்கொடுக்கிற டாக்டர்கள் வருவார்கள். அதை வாங்கினால் எதை வாங்க முடியாமல் போகுமோ அது தேவைப்பட்டவர்கள் மட்டும் வரவே மாட்டார்கள். ஏன் என்றால், தங்களுக்கு ஒன்று கிடைக்காமல் போனது என்பதே அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் அந்த நாற்காலியில் பையை வைத்துவிடுவார். பெரியவர் பேச்சை நிறுத்தாமலே எழுந்துபோய்ப் பையை எடுத்துத் தரையில் வைப்பார்.

வரம்பு அப்படித்தான் பிறந்தது. ஆகாயத்திலிருந்து பறிக்கவில்லை. மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குப் போய், பணம் குறைந்தால் நீங்கள் முதலில் எதை நிறுத்துவீர்கள் என்று கேட்டார்கள். தடுப்பூசி போட உள்ளே போகிற வண்டி, குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கிற பெட்டி, பிரசவ வார்டின் இரண்டாவது தாதி. அவை கொடுத்துக்கொண்டிருந்த நல்ல வருடங்கள் என்ன விலையில் வந்துகொண்டிருந்தனவோ, அதுதான் கோடு. அதைவிட அதிக விலைக்கு ஒரு வருடத்தை வாங்கினால், எங்கோ அதைவிட அதிக வருடங்கள் ஓசையில்லாமல் போகும். அந்த எண்ணை அவள் கரும்பலகையில் எழுதிய சாயங்காலம், டாக்டர் கடைக்குப் போய் எல்லோருக்கும் பழரசம் வாங்கிவந்தார். காதலர்கள் மரத்தில் பெயர் செதுக்குகிற மாதிரி, தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கங்களையும் அழுத்தி எழுதியிருந்தாள்.

டீ பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள்.

செயலாளர் போனபிறகு மகள் மட்டும் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வீட்டை விற்று மாத்திரை வாங்கலாம் என்று அவள்தான் முதலில் சொன்னவள். "வீட்டை வித்துட்டு எங்க உக்காந்து மூச்சு விடறது?" என்று மாஸ்டர் அதைச் சிரிப்பாக்கிவிட்டார். கடன் வாங்கிக் கொடுப்பதாகச் சொன்னதற்கும் சிரிப்புத்தான் பதில்.

"உன்னால பேச முடியும்மா. ஒரே ஒரு தடவை அப்பாவுக்காகப் பேசேன். சின்ன வயசுல இருந்து நான் பாத்துட்டு இருக்கேன், யாரோ எவரோ அவங்களுக்கெல்லாம் நீ பாத்துப் பாத்துச் செஞ்ச. எந்த ஊர்லயோ பொறக்கப்போற குழந்தைக்குக்கூட உன்கிட்ட கணக்கு இருந்துச்சு."

அவள் டீ டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். மகள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை.

மாலையில் வெயில் சாய்ந்ததும் மாஸ்டர் பால்கனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தை இருவரும் கேட்டார்கள்.

"என்னங்க, நான் என்ன பேசணும்?"

"ஆபீசரம்மா என்கிட்டயா கேக்கறீங்க?" என்றார். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "எனக்கு இருக்கணும்னு ஆசைதான். இல்லைன்னு சொன்னா பொய். நாளைக்கே மாத்திரை குடுத்தாங்கன்னா வாங்கிப் போட்டுக்குவேன், யாருக்கு இல்லாமப் போச்சுன்னு கேக்க மாட்டேன். அது என் பக்கம். உன் பக்கம் என்னன்னு உனக்குத்தான் தெரியும். ஆனா நம்பாத ஒண்ணைச் சொல்லிட்டு வராத. வந்து ராத்திரியெல்லாம் புரண்டு படுப்ப. நீ புரண்டா எனக்கும் தூக்கம் கெடும்."

தியாகம் மாதிரி எதையாவது சொல்வார் என்று அவள் பயந்திருந்தாள். சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். இருக்க ஆசை என்றுதான் அவர் சொன்னார்.

இன்னொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. வரம்பு வந்த பிறகு முதலில் வந்து மோதியது ஒரு ரத்தப் புற்றுநோய் மருந்து. கோட்டுக்கு எவ்வளவோ மேலே. கம்பெனிக்காரர்கள் மந்திரியைப் பார்த்தார்கள், பத்திரிகையில் எழுதவைத்தார்கள். பெரியவர் காது கேட்காத மாதிரியே ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் விலையைப் பாதிக்கும் கீழே இறக்கிக்கொண்டு அவர்களே வந்தார்கள். மருந்து எல்லோருக்கும் கிடைத்தது, எந்தப் பெட்டியும் நிறுத்தப்படவில்லை. கோட்டுக்கு அந்தப் பலம் இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில், ஒல்லி டாக்டர் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் காத்திருந்தே செத்துப்போனார். செய்தி வந்த நாளில் டாக்டர் பையை வராதவர்கள் நாற்காலியில் வைத்தார். அன்று மட்டும் பெரியவர் அதை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மகள் கார் ஓட்டினாள். மாஸ்டர் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். முன் வரிசையில் உட்காருங்கள் என்றால், முன் வரிசையில் உட்கார்ந்தால் இருமும்போது எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்லிப் பின்னால் தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். மண்டபம் நிறைந்து சுவரோரம் ஆட்கள் நின்றார்கள். வரம்பைப் பார்த்துக்கொள்ளும் பிரிவின் இப்போதைய தலைவி, அவளுடைய மகள் வயதுதான் இருக்கும், மேடையிலிருந்து இறங்கிவந்து கைகளைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடி, குளிர்சாதனம், மெல்லிய திரைகள். தண்ணீர் வழிகிற ஜன்னல் எதுவும் இல்லை. அவள் காலி நாற்காலி ஒன்றைத் தேடினாள். இருந்ததில்தான் தன்னை உட்காரவைத்தார்கள் என்று பிறகு புரிந்தது.

நோயாளிகள் பேசினார்கள். மூச்சு வாங்கி வாங்கி ஒரு பெண் பேசி முடிக்க எல்லோரும் காத்திருந்தார்கள். செயலாளர் தன் மனைவியின் கடைசி நாட்களைச் சொன்னார், அழாமல் சொன்னார். பிறகு அவளை அழைத்தார்கள். முதல் வரம்பை வகுத்தவர் என்று அறிமுகப்படுத்தியபோது கைதட்டல் எழுந்தது. எதற்காகத் தட்டுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"நான் வயசானவ. சுத்தி வளைக்க மாட்டேன்" என்றாள். "இந்த மாத்திரை நல்ல மாத்திரை. இங்க பேசினவங்க யாரும் ஒரு வார்த்தைகூட மிகையாச் சொல்லல. இருந்தாலும் கோட்டை ஏத்தாதீங்க."

மண்டபத்தில் ஒரு முனகல் ஓடியது.

"ஏத்தினா அந்தப் பணம் வேற எங்கிருந்தோதான் வரும். அவங்க இங்க வந்து கேக்க மாட்டாங்க. அவங்களுக்குத் தெரியவே தெரியாது. அதுமட்டும் இல்ல, நீங்க ஏத்தின உடனே அடுத்த மருந்தோட விலையும் அதே உசரத்துக்கு ஏறி நிக்கும். கோடு அசையாதுன்னு தெரிஞ்சாத்தான் கம்பெனிக்காரங்க விலையை இறக்குவாங்க. நாங்க பாத்திருக்கோம்..."

பின்னாலிருந்து ஒரு இளைஞன் எழுந்து கத்தினான். அவனுடைய அப்பா சக்கர நாற்காலியில் பக்கத்தில் இருந்தார். "உங்களுக்கென்னம்மா! கணக்குப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. உங்க வீட்ல ஒருத்தருக்கு வந்திருந்தா தெரியும்!"

அப்போது தூண் ஓரமாக ஒரு கை மெல்ல எழுந்தது. வகுப்பில் பையன்கள் தூக்குகிற மாதிரி, முழங்கையை மடக்காமல் நேராக.

"வந்திருக்கு தம்பி" என்றார் மாஸ்டர். மூச்சை இழுத்தார். "நான்தான் அது."

அவர் எழுந்திருக்கவில்லை; எழுவதற்கும் பேசுவதற்கும் சேர்த்து மூச்சு இல்லை. கையை மட்டும் கொஞ்ச நேரம் தூக்கியே வைத்திருந்தார், எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்பது போல. இளைஞன் உட்கார்ந்தான். சக்கர நாற்காலிக்காரர் மாஸ்டரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். குளத்துக் கரையில் இரண்டு பேர் பார்த்துக்கொள்வது போல இருந்தது அது.

எழுதிக்கொண்டு வந்ததை அவள் விட்டுவிட்டாள்.

"ஆமா. அவர் என் வீட்டுக்காரர். அவருக்கு இந்த மாத்திரை வேணும். எனக்கும் வேணும். நான் கோட்டை ஏத்தச் சொல்லல, ஆனா காத்திருக்கவும் சொல்லல. அந்தக் காலத்துல நாங்க ஒரு தப்பைக் கவனிக்காம விட்டோம். விலை பேசறதுக்கு நாள் குறிக்கல. பேச்சு இழுத்துக்கிட்டே போச்சு, அதுக்குள்ள ஒரு வாத்தியார் செத்துட்டார். அவருக்கு எங்க கோட்டுல இடமே இல்ல. அதனால நாள் குறிங்க. இந்தத் தேதிக்குள்ள பேசி முடிப்போம்னு எல்லாரும் பாக்குற மாதிரி சொல்லுங்க. அதுவரைக்கும் இப்ப இருக்கிறவங்களுக்குக் கம்பெனி சும்மா குடுக்கணும்னு கேளுங்க. குடுக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் கேளுங்க."

யாரும் கைதட்டவில்லை. தலைவி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வாசலில் செயலாளர் பதாகையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "உங்களைக் கூப்பிட்டிருக்கக் கூடாதுக்கா" என்றார். பதாகையைக் கயிற்றால் கட்டினார். அவிழ்த்து மறுபடியும் கட்டினார். "ஆனா அந்த நாள் குறிக்கறதுன்னு சொன்னீங்களே, அதை நான் விட மாட்டேன்."

மகள் அவர்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, மேலே வராமலே போய்விட்டாள். அதற்குப் பிறகு தினமும் அப்பாவுக்குத்தான் போன் செய்தாள். "அம்மா எப்படி இருக்கா?" என்று மகள் விசாரிக்கிறாளா என்பதை அவள் மாஸ்டரிடம் ஒருநாளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. போனை வைத்தபிறகு, "நம்ம குட்டிக்கு ஆபீஸ்ல வேலை அதிகமாம்" என்பார். அவள் தலையசைப்பாள்.

வரம்பு இப்போதைக்கு மாறாது என்று அறிவிப்பு வந்தது. கம்பெனியோடு விலை பேசத் தொடங்கியிருப்பதாகவும், மழைக்காலம் தொடங்குவதற்குள் முடிவு சொல்வதாகவும் கீழே ஒரு வரி. செயலாளர் அந்த ஒரு வரியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து நகரமெங்கும் ஒட்டினார். மாடிப்படித் திருப்பத்தில்கூட யாரோ ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார்கள். மாஸ்டர் அதைப் படிக்கவில்லை. அவர் இப்போதெல்லாம் கீழே இறங்குவதில்லை. மூச்சுக்கருவி ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. அது ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சில மத்தியானங்களில் அவள் அந்தச் சத்தத்தில் கண்ணயர்ந்து, தொட்டி நிரம்பி வழிகிறது என்று நினைத்து விழித்துக்கொள்வாள்.

மழைக்கு இன்னும் நாளிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மகள். கையில் ஒரு கத்தரிக்கோலும் புதுச் சீப்பும். அம்மாவைத் தாண்டி நேராக அப்பாவிடம் போனாள்.

"என்னப்பா இது, தலையா புதரா? போன்ல பாக்கவே சகிக்கல."

"முடிவெட்டறவரு மாடி ஏற மாட்டேன்னுட்டாரும்மா. அவருக்கும் மூச்சு வாங்குதாம்."

மகள் சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டு, மூச்சுக் குழாய் சிக்காமல் பழைய போர்வையைக் கழுத்தில் சுற்றினாள். வெட்டத் தெரியாது அவளுக்கு. முதல் வெட்டிலேயே ஒரு பக்கம் ஏறிவிட்டது. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீருக்கு அடியில் இருப்பவரைப் போல அமைதியாக உட்கார்ந்திருந்தார். கதவருகே நின்றிருந்த அம்மா என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போய்க் குளியலறைக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து, அவருக்கு எதிரில் பிடித்தாள். மகள் கொஞ்ச நேரம் அதைக் கவனிக்காத மாதிரி இருந்தாள். பிறகு, சீப்பைப் பல்லால் கடித்தபடியே, "இன்னும் கொஞ்சம் மேல தூக்கிப் பிடிம்மா" என்றாள்.

அவள் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியில் அவருடைய முகமும் அதற்குப் பின்னால் மகளுடைய முகமும் தெரிந்தன. வெள்ளை முடி போர்வையில் விழுந்து, காற்று வந்தபோது பால்கனிக் கம்பி வழியாகத் தெருவுக்குப் போயிற்று. அவருடைய நெஞ்சு ஏறியது, நின்றது, மறுபடியும் ஏறியது. ஒவ்வொரு முறையும் அது இறங்கி முடிகிறவரை கத்தரிக்கோல் காதருகில் திறந்தபடியே காத்திருந்தது.